குதிரை நின்ற கட்டில்கள்

டிசம்பர் 22, வியாழன்

விலங்கியல் தேர்வோடு அரையாண்டு முடிந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்குக் காலில் இருந்த சீழ்க்கட்டியை அறுத்து ஒரு வாரம் ஆகிறது. சர்க்கரை இருப்பதால் புண் ஆற நாளாகும், இன்னும் பத்து நாளாவது ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை சித்தி துணைக்கு இருந்தாள். விடுமுறை முடியும் வரை நான். அப்பா புனலூருக்கு லாரி ஓட்டுகிறார். வந்தாலும் பெண்கள் வார்டுக்குள் மாலை நான்கிலிருந்து ஆறு வரைதான் ஆண்களை விடுவார்கள்.

இந்த டைரி அப்பா கொடுத்தது. பழைய வருடத்தது, ஆனால் ஒரு பக்கமும் எழுதாதது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். பார்த்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஊகங்கள் கூடாது.

பார்த்தவை: வார்டில் எட்டுக் கட்டில்கள். சுவர் என் கைக்கு இரண்டு முழம் தடிமன். ஜன்னல்கள் ஆள் எட்டாத உயரத்தில். சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள் இருக்கின்றன, அவற்றில் கயிறு கட்டித் துண்டு காயப்போடுகிறார்கள். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சானிடைசர் புட்டி தொங்குகிறது. அது சிஸ்டர் தங்கபுஷ்பத்தின் ஏற்பாடு. யாரைத் தொட்டாலும் முன்பும் பின்பும் இரண்டு அழுத்து அழுத்திக் கையைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். நான் மூன்று அழுத்து அழுத்துகிறேன்.

அம்மா இரண்டாம் கட்டில். பக்கத்தில் மூன்றாம் கட்டில் காலி. அதில் இருந்த ஆவுடையம்மாள் டீச்சர் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர். பிறகு நான்கு நாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். வயசாகிவிட்டது, உடம்பு தாங்கவில்லை என்று சொன்னார்களாம்.

எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது.

டிசம்பர் 23, வெள்ளி

புத்தகம் கடையில் வாங்கியது அல்ல. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் இல்லை, அதனால் கதைக்குப் பெயர் தெரியவில்லை. கடைசி வாரங்களும் இல்லை. ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் தவறான ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறாள். அங்கே ஒரு வீட்டில் அவளை வேறொரு பெயர் சொல்லி, “வந்துட்டியா” என்று கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போகிறார்கள். அவளும் போய்விடுகிறாள்.

நான் வாசிக்க வாசிக்க அம்மா கேட்கிறாள். பக்கத்தைத் திருப்புவது அம்மாவின் வேலை. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஓரத்தை நெருடி, மெதுவாகப் புரட்டுவாள். பீடி சுற்றிப் பழகிய விரல், ஒரு தாளுக்கு இரண்டு தாள் வந்ததே இல்லை. நாங்கள் வாசித்த பக்கங்களின் கீழ் மூலையெல்லாம் ஏற்கெனவே பழுப்பேறிச் சுருண்டிருக்கின்றன. ஓரத்தில் பென்சிலால் தொடர்ச்சியான பக்க எண்களும் சின்னச் சின்னத் தேதிகளும்.

பேச்சித்தாய் அக்கா காலையில் வார்டு துடைக்க வந்தார். நான் வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அது என்னத்துக்குன்னு நெனச்ச? துண்டு காயப்போடவா அடிச்சான்? குதிர கட்டுனது. ஜமீன் காலத்து லாயம்ட்டி இது. பன்னெண்டு நின்னுச்சாம்.”

“அப்புறம் எல்லாத்தையும் வித்துட்டாங்களா?”

“பதினொண்ண வித்தாவ. ஒண்ணு இங்கனயே செத்துப்போச்சு. அது போகல.” மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்தார். “டீச்சரம்மா கட்டில்ல நாலு நாளும் வந்து நின்னுச்சு.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா? எங்கய்யா ஜட்கா ஓட்டுனவரு. குதிர லத்தி வாசம் எனக்குத் தெரியாதாக்கும்.”

மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டர் தங்கபுஷ்பம் நின்றார். “பேச்சி, வாய மூடிட்டு வேலையப் பாரு. பேசண்டெல்லாம் பயந்து ஓடிட்டான்னா இந்த ஊசிய ஒன் குதிரைக்கா போடுவேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். மாலையில் ஐந்தாம் கட்டில் மரியசெல்வம் அத்தை புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குடல்வால் ஆபரேஷன் ஆனவர். சிரித்தால் தையல் வலிக்கிறது, அதனால் அழுகிற கதையாக இருந்தால் நல்லது என்றார்.

டிசம்பர் 24, சனி

அம்மாவின் புண் சுத்தமாக இருக்கிறது. இட்லி மூன்று. ஊசி இரண்டு.

டிசம்பர் 25, ஞாயிறு

மரியசெல்வம் அத்தை வீட்டிலிருந்து எல்லாக் கட்டிலுக்கும் கேக் வந்தது. அத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். முடிவு இல்லாததால் வார்டே முடிவு சொன்னது.

“அவ புருசன் தேடி வருவான்,” என்றார் அத்தை.

“எந்தப் புருசன் தேடி வந்திருக்கான்? எம்புருசன் இந்த வார்டுக்கே வழி தெரியாம ஆம்பள வார்டுல போயி உக்காந்திருந்தாரு,” என்றார் எட்டாம் கட்டில் பாத்துமுத்து அக்கா. பித்தப்பையில் கல் எடுத்தவர். புத்தகம் இப்போது அவரிடம்.

அதற்கு முன் நான்காம் கட்டில் அம்மாவிடம் நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “இது டீச்சரம்மா படிச்சதுல்லா? எனக்கு வேண்டாம் தாயி.” ஒன்றாம் கட்டில் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆறாம் கட்டிலில் இருப்பவருக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. ஏழில் ஆளில்லை.

பென்சில் தேதிகளில் கடைசி டிசம்பர் 18. 211ஆம் பக்கத்தில். அதுவரை மூலைகள் பழுப்பாகவும் அதற்குப் பிறகு வெள்ளையாகவும் இருக்கின்றன. 212ஐ வாசிக்கும்போது யாரோ என் தோளுக்குப் பின்னால் இருந்து, தனக்குக் கிடைக்காத பக்கத்தை எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. இது பார்த்தது அல்ல. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

டிசம்பர் 26, திங்கள்

மரியசெல்வம் அத்தைக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. கேக் சேரவில்லை என்றார்கள். அந்தக் கேக்கை எல்லாரும் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றுமில்லை.

பேச்சித்தாய் அக்கா ஐந்தாம் கட்டிலுக்குப் பக்கத்தில் மாப்பை ஊன்றி நின்றார். என்னைப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

நானும் முகர்ந்தேன். இது பார்த்தது அல்ல, ஆனால் உண்மை. மலத்தின் நாற்றம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஐந்து நாளாக அம்மாவுக்குத் தட்டு வைத்து எடுக்கிறேன். இது வேறு. ஈர வைக்கோல், வியர்வை, ஏதோ மிருகம் அடைபட்டிருக்கும் இடம். திருவிழாவில் குதிரைச் சவாரிக்காரனுக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அது.

சானிடைசரை நான்கு முறை அழுத்தினேன்.

டிசம்பர் 27, செவ்வாய்

அம்மாவுக்கு ஆறு தடவை. தண்ணீராகப் போகிறது.

மதியம் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது அந்த வாசம் வந்தது. ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து வந்தது.

மாலையில் டாக்டர் வந்தார். “ஆன்டிபயாட்டிக் போடுறவங்களுக்கு இப்படிப் போறது உண்டு. சும்மாவும் போகும், ஒரு பாக்டீரியாவாலயும் போகும். எதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம். நாளைக்கு மோஷன் டெஸ்ட் அனுப்புங்க” என்றார். அந்தப் பாக்டீரியாவாக இருந்தால் புண்ணுக்குப் போடும் ஊசியை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கால் கெட்டுவிடும். எல்லாம் டெஸ்டில் இருக்கிறது.

பாத்துமுத்து அக்கா நேற்றே புத்தகத்தைப் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 28, புதன்

காலையில் எட்டே முக்காலுக்கு, கஞ்சி குடிப்பதற்கு முன்பே, மாதிரி எடுத்தாயிற்று. இந்த ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆட்கள்தான் டப்பாவை லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். டப்பா உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி வெள்ளை பிளாஸ்டிக். அம்மாவின் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். புத்தகமும் அதில்தான் இருந்தது.

லேப் வாசலுக்கு முன்னால் வெளிநோயாளிகளின் வரிசை. எங்கள் இயற்பியல் சார் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். பாதாம் மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு காலியாக இருந்தது. மரத்தில் இலையே இல்லை, நல்ல வெயில். வரிசை மெதுவாக நகர்ந்தது.

கதையில் அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் ஒரு பீரோ காட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் ரவிக்கையெல்லாம் அவள் அளவுக்குச் சரியாக இருக்கிறது. இன்று அறுபது பக்கங்கள் வாசித்தேன். மிக நல்ல பகுதி.

லேபில் இருப்பவர் ஹெப்சி அக்கா. இருபத்தைந்து வயது இருக்கும். டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “டப்பா எந்த உருவமோ அந்த உருவத்துக்கு வரணும். அப்பத்தான் நான் டெஸ்ட் போடுவேன். கட்டியா கொண்டாந்தா திருப்பி அனுப்பிருவேன். இது பாஸ்.”

படிவத்தில் ‘மாதிரி எடுத்த நேரம்’ என்ற கட்டத்தில் 12.10 என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருப்பதாக ஹெப்சி அக்கா சொன்னார்.

மரியசெல்வம் அத்தையைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது என்னைப் பார்த்து, “முடிவு தெரிஞ்சா சொல்லு மக்கா” என்றார்.

டிசம்பர் 29, வியாழன்

முடிவு வாங்கப் போனேன். ஹெப்சி அக்கா ஒரு சின்ன அட்டையைக் காட்டினார். அதில் மூன்று கோடுகளுக்கு இடம் இருக்கிறது. நடுக்கோடு விழுந்தால் அட்டை சரியாக வேலை செய்கிறது. இடது கோடு விழுந்தால் அந்தக் கிருமி இருக்கிறது. வலது கோடு விழுந்தால் அது நஞ்சைக் கக்குகிறது.

நடுவிலும் இடதிலும் நீலக் கோடு. வலதில் ஒன்றுமில்லை.

“கிருமி இருக்கு, விஷம் இல்ல. சில பேரு வயித்துல அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும். ஒங்கம்மைக்கு வேற எதாலயோ போவுதுன்னு டாக்டர் நெனப்பாரு.” அட்டையைச் சிவப்புப் பையில் போட்டார். “அந்த விஷம் ரொம்ப நேரம் நிக்காது, பாத்துக்க. வெளியில ரெண்டு மணி நேரம் சூட்டுல கெடந்தாலே அழிஞ்சு போயிரும். அப்ப அட்டைக்குத் தெரியாது. எத்தன பேரு காலைல எடுத்து மத்தியானம் கொண்டாருவான் தெரியுமா? நீ படிச்ச பிள்ள, எடுத்ததும் கொண்டாந்துட்ட.”

சரிக்கா என்றேன்.

டாக்டர் ஊசியைத் தொடரச் சொன்னார். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

எட்டாம் கட்டிலில் வாசம். பாத்துமுத்து அக்காவுக்கு ஐந்து தடவை. நான்காம் கட்டில் அம்மா தன் கட்டிலைச் சுற்றித் திருநீறு போட்டுவிட்டார். சிஸ்டர் அதைச் சானிடைசர் நனைத்த துணியால் துடைத்தார்.

டிசம்பர் 30, வெள்ளி, காலை

பதினொரு தடவை. காய்ச்சல் 102. வயிறு தவில்போல் உப்பியிருக்கிறது. தொட்டால் முனகுகிறாள்.

ஆறு மணிக்கு அம்மா கண்ணைத் திறந்து, “யாருட்டி கதவுகிட்ட நிக்கது?” என்றாள்.

“யாரும் இல்லம்மா.”

“தலைய ஆட்டிக்கிட்டே நிக்கி. உள்ள வரச் சொல்லாத.”

பார்த்ததை மட்டும் எழுதுவது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பார்த்தது: கதவருகில் யாரும் இல்லை. கேட்டது: தரையில் ஏதோ தட்டும் ஓசை, நான்கு நான்காக. அது உணவு வண்டியின் தேய்ந்த சக்கரம். போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முகர்ந்தது: எழுத வேண்டியதில்லை.

சிஸ்டர் ஊசியோடு வந்தார். அம்மாவின் கையில் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

டிசம்பர் 30, மாலை

முழுதாக எழுதுகிறேன்.

ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்து லேபுக்குப் போனேன். ஹெப்சி அக்கா வெளி அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னட்டி, மறுபடியும் டப்பாவா?”

“இல்லக்கா. நேரம்.”

“என்ன நேரம்?”

“பன்னெண்டு பத்து இல்லக்கா. எட்டே முக்கால்.”

டம்ளரை வைத்தார். “மூணர மணி நேரம் எங்க வச்சிருந்த?”

“பெஞ்சுல. பையில.”

“வெயில்லயா?”

“ம்.”

“எதுக்குட்டி?”

இயற்பியல் சார் நின்றார் என்று சொன்னேன். அது முதல் கால் மணி நேரத்துக்குத்தான் உண்மை. சார் அதற்குள் போய்விட்டார். “கதை படிச்சிட்டு இருந்தேன்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்ததுபோல இருந்தது.

திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து பிரிட்ஜைத் திறந்து, ஒரு ஐஸ் பையும் புது டப்பாவும் எடுத்துக் கொடுத்தார். “அழுகைய அப்புறம் வச்சுக்கிடலாம். ஓடு. எடுத்ததும் இதுல வச்சு நேரா இங்க வரணும். வழியில எவன் கூப்பிட்டாலும் நிக்காத. நான் டாக்டர்ட்ட பேசுதேன்.”

இந்த முறை டப்பாவைப் பையில் மறைக்கவில்லை. கையில் ஏந்திக்கொண்டு வரிசைக்கு நடுவே ஓடினேன். ஜனங்கள் விலகினார்கள்.

இருபத்தைந்து நிமிடம். நடுக்கோடு. இடது கோடு. பிறகு வலது பக்கம், முதலில் தூசி விழுந்ததுபோல், அப்புறம் பென்சில் கோடுபோல், அப்புறம் நீலமாக.

டாக்டர் ஊசியை நிறுத்தினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, படிவத்தில் இருந்த 12.10ஐச் சிவப்பு மையால் சுழித்தார். வேறொரு ஊசி மருந்தைத் தண்ணீரில் கரைத்து, வாய் வழியாகவே குடிக்கக் கொடுத்தார்கள். எட்டாம் கட்டிலுக்கும் டெஸ்ட். அங்கேயும் மூன்று கோடு. அவருக்கும் அதே மருந்து. ஹெப்சி அக்கா திருநெல்வேலிக்குப் போன் போட்டு ஐந்தாம் கட்டிலைப் பற்றிச் சொன்னார்.

“டீச்சரம்மாவுக்கும் டெஸ்ட் போட்டிருக்கணும்,” என்றார் போனை வைத்துவிட்டு. “எங்ககிட்ட கேக்கவே இல்ல.”

டிசம்பர் 31, சனி

அம்மாவுக்கு ஒன்பது தடவை. காய்ச்சல் 100. இன்னும் பிதற்றுகிறாள், ஆனால் என் பெயரைச் சொல்கிறாள்.

ஹெப்சி அக்கா முகமூடியும் கையுறையும் போட்டு வார்டுக்கு வந்தார். பேச்சித்தாய் அக்கா குதிரையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“வாசம் சரிதான் பேச்சியக்கா. இந்தக் கிருமிக்கு அந்த வாசந்தான். இத லேப் பிளேட்ல வளத்துத் தொறந்தா லாயத்துக்குள்ள போன மாதிரி இருக்கும். நீங்க எனக்கு முன்னாடியே டெஸ்ட் போட்டுட்டிய, யாரும் ஒங்கள்ட்ட ரிப்போர்ட் கேக்கல.”

பேச்சித்தாய் அக்கா சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். “ஒன் வயித்துல ஊர்ப்பட்ட நல்ல கிருமி குடியிருக்கு, இதுக்கு எடம் குடுக்காது. ஆன்டிபயாட்டிக் போட்டவியளுக்கு அதெல்லாம் செத்து, வீடு காலியாக் கெடக்கும். இது வந்து உக்காந்துக்கிடும்.” பிறகு கட்டில்களை எண்ணினார். “ஒரே கக்கூசுக்குத்தான் எல்லாரும் போறிய. எல்லாரும் ஊசி போடுதிய. ஏன் மூணும் ரெண்டும் அஞ்சும் எட்டும் மட்டும்? குதிரன்னாலும் வரிசையால்லா வரணும். இது என்ன நடை?”

சாயங்காலம் இந்த டைரியை முதலிலிருந்து வாசித்தேன். இரண்டு பட்டியல்கள் இருந்தன. நான் இரண்டையும் வேறு வேறு பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன்.

குதிரை நின்ற கட்டில்கள்: 3, 5, 2, 8.
புத்தகம் இருந்த கட்டில்கள்: 3, 2, 5, 8.

எழுத்துத் தெரியாதவருக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி உடைந்தவருக்கு ஒன்றுமில்லை. வேண்டாம் தாயி என்றவருக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 1, ஞாயிறு

‘எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது’ என்று 22ஆம் தேதி எழுதியிருக்கிறேன். கிடைக்கவில்லை. எடுத்தேன். டீச்சர் வீட்டார் பாத்திரங்களையும் சேலைகளையும் கட்டிக்கொண்டு போன பிறகு, மூன்றாம் கட்டிலின் மருந்து அலமாரியில் கடைசித் தட்டில் செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிஸ்டர் குப்பையில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போட்டிருப்பார்.

புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு லேபில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், விரலை நாக்கில் தொடுவது உட்பட. சிஸ்டரும் அங்கே இருந்தார். அவர் முகம் இறுகிவிட்டது.

“அந்தப் பிள்ள என்னயவிட அதிகமாச் சானிடைசர் போடுவா. நானே பாத்திருக்கேன்” என்றார்.

“அதான் சிஸ்டர் விஷயமே,” என்றார் ஹெப்சி அக்கா. “இது ஓடு போட்டுக்கிடுற கிருமி. வித்து மாதிரி. சானிடைசர் ஊத்துனா குளிச்ச மாதிரி உக்காந்திருக்கும். சோப்பும் ஓடுற தண்ணியுந்தான் அடிச்சிட்டுப் போவும்.”

“என் சர்வீஸ்ல இப்படிக் கேள்விப்பட்டதில்ல.”

“சொன்னா நம்ப வேண்டாம். வளத்துப் பாப்போம். ஏட்டி, கையக் குடு.”

அம்மாவின் தட்டை அப்போதுதான் எடுத்துக் கொட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன். கையுறை எனக்குக் கொடுத்ததில்லை. இடது கையைக் குழாயடியில் சோப்புப் போட்டு ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவச் சொன்னார். வலது கைக்கு அவரே ஒரு முழு அழுத்துச் சானிடைசர் போட்டுத் தேய்த்து, காய்ந்த பிறகு, இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தனித்தனிப் பிளேட்டில் மெதுவாக அழுத்தினார். மூன்றாவது பிளேட்டில் 211ஆம் பக்கத்தின் மூலையை ஈரப்பஞ்சால் துடைத்துத் தீற்றினார். மூன்றையும் ஒரு ஜாடிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு இறுக மூடினார். காற்று இருந்தால் இந்தக் கிருமி வளராதாம்.

“எவ்வளவு நேரம்க்கா?”

“ரெண்டு நாள். அதுவரைக்கும் தொறக்கக் கூடாது. நெனச்சுட்டே இருக்காத.”

ஜனவரி 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. போகவில்லை. அம்மாவுக்கு நான்கு தடவை. காய்ச்சல் இல்லை. வயிறு இளகியிருக்கிறது.

சோப்பு ஒரு கட்டி தீர்ந்தது. பேச்சித்தாய் அக்கா தரையைக் குளோரின் மருந்தால் துடைத்தார். எட்டுக் கட்டிலின் கம்பிகளையும் சிஸ்டர் தானே துடைத்தார். சானிடைசர் புட்டிகளைக் கழற்றவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சோப்பு வைத்திருக்கிறார்.

அம்மா தெளிவாகப் பேசினாள். “அவ யாருன்னு தெரிஞ்சுதா? நெசமாவே அந்த வீட்டுக்காரியா, இல்ல தப்பா எறங்குனவளா?”

“முடிவு இல்லம்மா. பக்கம் கெடையாது.”

“நீ என்ன நெனைக்கே?”

“அவ எறங்குனப்பவே அவளோட இன்னொண்ணும் எறங்கிருக்கும்.”

புத்தகத்தைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வேன்.

ஜனவரி 3, செவ்வாய்

காலையில் அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் கட்டியாக. டப்பாவோடு லேபுக்கு ஓடினேன். ஹெப்சி அக்கா கதவிலேயே மறித்தார்.

“டப்பா உருவத்துக்கு வந்திருக்கா?”

“இல்லக்கா.”

“அப்ப எடுத்துட்டுப் போ. நின்னுட்டா நின்னுட்டு. இப்ப டெஸ்ட் போட்டாலும் கோடு விழும், ஒனக்குத்தான் ஒறக்கம் போவும். அம்மைக்குச் சோறு குடு.”

மூன்று மணிக்கு ஜாடியைத் திறப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரியை, பெஞ்சை, 12.10ஐ. அம்மா தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “மரியசெல்வத்துக்கு எப்படி இருக்காம்?” என்றாள். பிழைத்துவிட்டார், குடலில் கொஞ்சம் எடுத்துவிட்டார்கள் என்று போன் வந்ததாகச் சொன்னேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பிய பிறகும் கையை மட்டும் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. மூன்று மணி ஆனதும் நான்தான் விடுவித்துக்கொண்டேன்.

லேபில் ஹெப்சி அக்கா, சிஸ்டர், நான். ஜாடியின் மூடியைத் திருகியதும் வந்தது. ஈர வைக்கோல், வியர்வை. அந்த அறையில் ஜன்னல் கிடையாது, வளையங்கள் கிடையாது. சிஸ்டர் ஒரு அடி பின்னால் போனார்.

ஹெப்சி அக்கா விளக்கை அணைத்துவிட்டு ஒரு ஊதா விளக்கைப் போட்டார். எங்கள் பற்களும் அவருடைய கோட்டும் மட்டும் தெரிந்தன.

முதல் பிளேட், சோப்புப் போட்ட இடது கை. இருட்டாக இருந்தது. ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும்.

அடுத்தது, 211ஆம் பக்கம். பச்சையும் மஞ்சளும் கலந்த வெளிச்சத்தில், பஞ்சு போன பாதையெல்லாம் புள்ளிகள். டீச்சர் பென்சிலால் தேதி போட்டதுபோல ஒழுங்காக.

கடைசிப் பிளேட்டை ஹெப்சி அக்கா விளக்குக்கு அடியில் நகர்த்தினார்.

சானிடைசர் போட்ட என் வலது கையின் ஐந்து விரல்களும் அங்கே இருந்தன. கட்டைவிரல் தனியாக, மற்ற நான்கும் வளைந்த வரிசையில். ஒவ்வொரு நுனியும் இருட்டில் மின்னியது. ஆள்காட்டி விரல் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக இருந்தது. யாரோ மறுபக்கத்திலிருந்து கண்ணாடியில் கையை வைத்து அழுத்தி, திறக்கச் சொல்வதுபோல.

சிஸ்டர் தங்கபுஷ்பம் கேட்டார்: “எந்தக் கையால பாப்பா அம்மாக்கு ஊட்டுவ?”

விளக்கைப் போட்டதும் அது வெறும் பிளேட். மங்கலான சாம்பல் புள்ளிகள். புத்தகத்தை எரிப்பதற்கான பையில் போட்டார்கள். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன், நகக்கண்ணையும் தேய்த்தேன், தோல் சுருங்கியிருக்கிறது. அம்மா தூங்குகிறாள். வார்டில் எந்த வாசமும் இல்லை. இந்த டைரி பத்து நாளாகப் புத்தகத்தோடு அதே துணிப்பையில்தான் இருந்தது என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கீழ் மூலைகளைப் பார்த்தேன். சுருண்டிருக்கின்றன. அம்மா இந்த டைரியைத் தொட்டதே இல்லை.

பக்கம் முடிகிறது. திருப்ப வேண்டும். விரல் உதட்டுக்கு வந்துவிட்டது.